தெரிந்தவர்களிடம் பெயர் கேட்ட ஸெய்னுதீன்

நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரிடம், அவர் மனம் கோணாமல், "உங்கட பேர் என்ன?" என்று எப்படிக் கேட்பது?

1974ஆம் ஆண்டு மூதூர் இறங்குதுறையில் வைத்து ஸெய்னுதீன் இதை என்னிடம் கேட்டார். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, உலகத்தில் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் திரிந்துகொண்டிருந்த காலம் அது. அப்படியும் விழித்தேன். பிறகு அவரிடமும் அவருடைய மனைவியிடமும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஸெய்னுதீன் மூதூரில் ஒரு தனியார் மருந்துச்சாலையில் பத்தொன்பது வருடமாக மருந்து கலந்து கொடுத்தவர். ஊர் அவரை அப்போதிக்கரி என்று அழைத்தது. மருந்துச்சாலை திருகோணமலை டவுனில் இருந்த ஒரு வயதான டொக்டருக்குச் சொந்தம். டொக்டர் கிழமைக்கு ஒரு நாள் கடலைக் கடந்து லோஞ்ச் படகில் வந்து இறங்குவார், கையெழுத்துகள் போடுவார், மத்தியானம் மீன் குழம்போடு சோறு சாப்பிடுவார், கதிரையில் சாய்ந்து கொஞ்சம் தூங்குவார், பின்னேர லோஞ்சில் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் ஸெய்னுதீன்தான் எல்லாம்.

அவர் வேலை செய்யும் முறை ஊருக்கே பெருமை. மருந்துச்சாலையின் யன்னல் தெருவைப் பார்த்திருந்தது. வெறும் போத்தலைத் தூக்கிக்கொண்டு யாராவது தெருமுனையில் தலை காட்டினால் போதும், நடையைப் பார்த்தே ஸெய்னுதீன் மருந்தைக் கலக்கத் தொடங்கிவிடுவார். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்தால் நாரி நோ. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தால் தலையிடி. ஆள் யன்னலுக்கு வந்து போத்தலை நீட்டியதும் மருந்து உள்ளே விழும்.

"ஸெய்னுதீன் காக்கா, எனக்கு ரெண்டு நாளா..."

"தெரியும். மூணு வேளை. சாப்பிட்ட பிறகு. கருவாடு வேணாம். அடுத்த ஆள்!"

வந்தவர் திறந்த வாயை மூடிக்கொண்டு, "சொல்ல முதலே கண்டுபிடிச்சிட்டான்" என்று வியந்துகொண்டே வீட்டுக்குப் போவார்.

அந்த வருடம் மாசி மாதத்தில் டொக்டர் ஒரு முடிவைச் சொன்னார். "எனக்கு இனி லோஞ்ச் ஏற ஏலாது, ஸெய்னுதீன். முழங்கால் விடுகுதில்லை. நீர் சோதினை பாஸ் பண்ணி டொக்டரா வந்தால் மருந்துச்சாலையை நீரே நடத்தும். இல்லாட்டி மார்கழி முடிய நான் கதவைப் பூட்டிப்போடுவன்."

அந்தப் பரீட்சை கொழும்பில் நடப்பது. எழுத்துப் பகுதியை ஸெய்னுதீன் எப்போதோ தாண்டிவிட்டார். மிஞ்சியிருந்தது நோயாளியைப் பார்க்கும் பகுதி. முன்பின் தெரியாத ஒரு நோயாளியோடு அரை மணித்தியாலம். பிறகு இரண்டு பரீட்சகர்களின் முன்னால் நின்று அந்த நோயாளியைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல வேண்டும். மூன்று தரம்தான் விடுவார்கள். ஸெய்னுதீன் ஏற்கெனவே இரண்டு தரம் தவறியிருந்தார்.

முதல் தரம் கதவடியில் நின்றே நோயாளியைப் பார்த்தார். கண் மஞ்சள், வயிறு பெரிது, கையில் நடுக்கம். உள்ளே போகாமலே திரும்பி வந்து, "ஈரல், சேர். குடி" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விடை சரி.

"நோயாளியின்ர பேர் என்ன?" என்று பரீட்சகர் கேட்டார்.

தெரியாது. வயது? தெரியாது. எவ்வளவு காலமாகக் குடிக்கிறார்?

"கன காலமா, சேர்."

போய் வாரும் என்றார்கள்.

இரண்டாம் தரம் பெயரைக் கேட்டே தீருவது என்று போனார். கேட்டார். நோயாளி பேருவளைக்காரர், பெயர் அன்ஸார். ஆனால் ஒருவரிடம் பெயரைக் கேட்டுவிட்டு அதோடு நிறுத்துவது எந்த ஊர் மரியாதை? வாப்பா யார், உம்மா எந்தப் பக்கம், கலியாணம் எங்கே முடித்தது என்று கேட்டுக்கொண்டே போனார். இருபத்தைந்தாவது நிமிடத்தில், அன்ஸாரின் மாமியுடைய தங்கை கிண்ணியாவில் வாழ்க்கைப்பட்டவர் என்பதும், அந்த வீட்டில்தான் ஸெய்னுதீனின் மைத்துனன் பெண் எடுத்தான் என்பதும் வெளிவந்தது. இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. மணி அடித்தது.

"நோயாளிக்கு என்ன வருத்தம்?"

"எங்கட ஆள், சேர்" என்றார் ஸெய்னுதீன்.

ஆக, தெரிந்த ஆளிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. தெரியாத ஆளிடம் உறவைக் கண்டுபிடிக்கும் வரை கேட்க வேண்டும். மூதூரில் இந்த இரண்டு வழிதான் உண்டு. பரீட்சைக்கோ மூன்றாவதாக ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

அந்த மூன்றாவதை, டவுனில் வேலை பார்த்த இளம் டொக்டர் கமலாதேவி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெயர், வயது, தொழில். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து. முந்தி வந்த வருத்தம். குடும்பம், சாப்பாடு, பழக்கவழக்கம். அடியில் இரண்டு கோடு இழுத்து, "கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும்" என்று எழுதியிருந்தார்.

"பழகிப் பாருங்கோ, ஸெய்னுதீன் நானா. முன்பின் தெரியாத ஆளிட்டக் கேக்கிற மாதிரிக் கேக்க வேணும்."

ஸெய்னுதீன் முதலில் வீட்டில் பழகினார். மனைவி மைமூனாவைக் கதிரையில் இருத்தினார். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டார்.

"உங்கட பேர் என்ன?"

"அடுப்பில சோறு கிடக்கு. விளையாடாதீங்க."

"பேரைச் சொல்லுங்க."

"மைமூனா."

"வயசு?"

"முப்பத்தஞ்சு."

ஸெய்னுதீனின் பேனா நின்றது. "கலியாண எழுத்தில பாத்தா..."

"தெரியாத ஆள் மாதிரித்தானே கேக்கிறீங்க? தெரியாத ஆளுக்கு நான் முப்பத்தஞ்சுதான்."

"தொழில்?"

"ஒரு அப்போதிக்கரிக்கு இருபது வரியமாச் சோறாக்கிறன்."

"சரி. உங்களுக்கு என்ன செய்யுது?"

இருபது வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. மைமூனா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு தொடங்கினாள். குசினிப் புகை, ஒழுகும் கூரை, போன பெருநாளைக்கு வராத சேலை, தம்பியின் கலியாண வீட்டில் இவர் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனது, அதைப் பற்றி மச்சாள்மார் இன்றுவரை கதைப்பது. ஸெய்னுதீன் வாயை மூடிக்கொண்டிருந்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. சோறு அடிப்பிடித்து வாசம் வந்த பிறகுதான் அவள் நிறுத்தினாள்.

"இதுல நோய் எது?" என்றார் ஸெய்னுதீன், எழுதிய மூன்று பக்கத்தையும் புரட்டிக்கொண்டு.

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு மைமூனா குசினிக்குள் போனாள்.

அடுத்த நாள் யன்னலில் பழகலாம் என்று பார்த்தார். முதலில் வந்தவர் தையல்கார சரீப். ஸெய்னுதீனுக்கு மச்சான் முறை.

"பேர் என்ன?"

"என்னது?"

"உங்கட பேர். வயசு. தொழில்."

சரீப் போத்தலை யன்னல் கட்டையில் வைத்தார். "என்ட பேரா? போன வெள்ளிக்கிழமை என்ட மகளின்ட கலியாணத்தில ஒரே சஹன் தட்டுல கைவெச்சுச் சோறு திண்டமே! நீ போட்டிருக்கிற சட்டை ஆர் தைச்சது? தொழில் கேக்கிறாய்!"

அஸர் தொழுகைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஸெய்னுதீனுக்கு ஞாபகம் போய்விட்டதாம். மாமரத்திலிருந்து விழுந்ததால் என்று சிலர். மூன்று தரம் சோதினைக்குப் படித்தால் யாருக்குத்தான் போகாது என்று சிலர். மறுநாள் காலையில் மூன்று வீடுகளிலிருந்து வல்லாரை வந்தது. பள்ளிவாசல் லெப்பை ஒரு போத்தல் தண்ணீர் ஓதி அனுப்பினார். யன்னலுக்கு வந்தவர்கள் எல்லோரும், செவிட்டு மனிதரிடம் சொல்வதுபோல, தங்களை அறிமுகப்படுத்தினார்கள்.

"நான்... சரீப். தையல்காரன். உன்ட... மச்சான். இது யன்னல். அது மருந்து."

பாதிப் பேர் வரவேயில்லை. ஆளின் பெயரே தெரியாதவன் எந்தப் போத்தலுக்குள் எதை ஊற்றுவானோ என்ற பயம். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. மருந்துச்சாலை மார்கழி வரைகூடத் தாக்குப்பிடிக்காது போலிருந்தது.

அந்தக் கிழமைதான் அவர் இறங்குதுறைக்கு வந்து, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விழித்தேன். பக்கத்தில் நின்ற லோஞ்ச் டிக்கட்காரர் சிவபாதம் விழிக்கவில்லை.

"தெரிஞ்ச ஆக்களை விட்டுப்போட்டு லோஞ்சில ஏறுங்கோ, நானா. வெருகல், சம்பூர் எண்டு எங்கையெங்கையோ இருந்து சனம் வருது. ஒரு மணித்தியாலப் பயணம். நீங்க என்ன கேட்டாலும் ஓடித் தப்ப ஏலாது. சுத்திவரக் கடல்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸெய்னுதீன் தாளும் பேனாவுமாக லோஞ்சில் ஏறினார். ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுக்க அரிசிக்குத் தட்டுப்பாடு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. டவுன் இறங்குதுறையில் பொலிஸ்காரர் நின்று பைகளைத் துழாவுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் பையைக் காலடியில் ஒளிக்கப் பார்ப்பார்கள்.

அவர் உட்கார்ந்தது வெருகலிலிருந்து வந்த ஒருவரின் பக்கத்தில். கையும் காலும் ஈர்க்குச்சி மாதிரி. வயிறு மட்டும் பெரிது. ஸெய்னுதீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்கட பேர் என்ன?"

அந்த மனிதர் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். "தங்கத்துரை" என்றார், பாதிக் குரலில்.

"வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"தொழில்?"

"கமம். சோளம் மட்டும்தான் ஐயா. நெல் விதைக்கிறதேயில்லை."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"மரவள்ளிக் கிழங்கு."

"இண்டைக்குக் காலமை?"

"அதுவும் மரவள்ளிதான். சோத்தைக் கண்ணால கண்டு கன நாள்."

"வீட்டில எத்தனை பேர்?"

"அஞ்சு பேர். அஞ்சு பேருக்கும் மரவள்ளி."

ஸெய்னுதீன் எல்லாவற்றையும் எழுதினார். "வயிறு எவ்வளவு காலமா இப்பிடி ஊதியிருக்கு?"

தங்கத்துரை யோசித்தார். "காலமை அஞ்சு மணியில இருந்து."

எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு வயிறு கிடையாது. ஸெய்னுதீன் ஆர்வம் தாங்காமல் கையை வைத்தார். விரலால் தட்டிப் பார்த்தார். அமத்திப் பார்த்தார். உள்ளே மணல் மாதிரி ஏதோ சரிந்தது. சட்டைக்கடியிலிருந்து நாலைந்து மணிகள் பலகையில் விழுந்தன. இருவரும் குனிந்து அவற்றைப் பார்த்தார்கள்.

"சம்பா" என்றார் ஸெய்னுதீன் மெதுவாக.

"நீங்க பொலிஸோ, கச்சேரி உத்தியோகத்தரோ?"

"அப்போதிக்கரி. சோதினைக்குப் பழகுறன்."

தங்கத்துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அட பாவி மனிசா! அதுக்கோ என்ட சீவனை எடுத்தனீங்க?"

ஸெய்னுதீன் மன்னிப்புக் கேட்டார். பிறகு தாளின் அடியில் இருந்த இரண்டு கோடுகளைப் பார்த்தார். "என்ன பிரச்சினை உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

லோஞ்ச் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தங்கத்துரை விழுந்த மணிகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். டவுனை அடுத்த அன்புவழிபுரத்தில் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்க அவளால் ஏலாது. மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பிடி சோறாவது வேண்டாமா என்று மனைவி தலையணை உறையைப் பிரித்துப் பை தைத்து, மூன்று கொத்து அரிசியைப் போட்டு இடுப்பில் கட்டிவிட்டிருந்தாள். அப்படியே தன் வருத்தத்தையும் சொன்னார். தண்ணீர் விடாய். ஒரு வருடமாக உடம்பு மெலிகிறது. காலில் ஒரு புண் ஆறவே இல்லை. ஸெய்னுதீன் இரண்டு பக்கம் எழுதினார். ஒரு இடத்தில்கூட அவர் "தெரியும்" என்று சொல்லவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

டவுன் இறங்குதுறையில் பொலிஸ்காரர் தங்கத்துரையை நிறுத்தினார். "இந்த வயிறு என்ன?"

தங்கத்துரை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஸெய்னுதீன் முன்னால் வந்து, கால்களைச் சேர்த்து வைத்து நின்றுகொண்டார்.

"சேர், நோயாளியின் பெயர் தங்கத்துரை. வயது ஐம்பத்திரண்டு. தொழில் விவசாயம். ஒரு வருடமாகத் தண்ணீர் விடாய், உடம்பு மெலிவு. இடது காலில் ஆறாத புண், மூன்று மாதம். வயிற்று வீக்கம் அண்மையில் தொடங்கியது. முந்திய வருத்தம், இரண்டு தரம் மலேரியா. குடும்பத்தில் தாய்க்குச் சலரோகம் இருந்திருக்கலாம். சாப்பாடு..."

பின்னால் வரிசை நீண்டது. பெட்டியைச் சுமந்து நின்ற ஒருவர் சத்தம் போட்டார்.

"சரி, சரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார் பொலிஸ்காரர்.

"இன்னும் பழக்கவழக்கம் கிடக்கு, சேர்."

"போங்க எண்டு சொன்னன்!"

இறங்குதுறை வளவு தாண்டியதும் தங்கத்துரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஸெய்னுதீன் அவருக்குச் சலரோகம், அதாவது நீரிழிவுதான் என்று விளக்கி, உண்மையாகவே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். பேத்தியைப் பார்த்த பிறகு.

ஐப்பசியில் பரீட்சை. கொழும்பில் ஸெய்னுதீனின் முறை வந்தது. கட்டிலடிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கட்டிலில் இருந்தவர் மூதூர் பெரிய தெரு றுக்கியா ராத்தா. ஆறு மாதமாக மகன் வீட்டில் தங்கிக் கொழும்பில் வைத்தியம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். ராத்தாவின் வருத்தம் அவருக்கு மனப்பாடம். முட்டு. அதற்கு முன் இரண்டு வருடமாகத் தன் கையாலேயே மூச்சு முட்டுக்குத் தண்ணி மருந்து ஊற்றிக் கொடுத்தவர் அவர்தானே!

"அட, நம்மட ஸெய்னுதீன்! மைமூனா சுகமா, தம்பி?"

பக்கத்தில் இருந்த பரீட்சகர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "தெரிஞ்சவவோ?"

"ஓம், சேர்."

"மாத்த வேற நோயாளி இல்லை. தெரியாத ஆளிட்டக் கேக்கிற மாதிரி எல்லாத்தையும் கேளும்."

பெயரைக் கேட்டால் ராத்தா எழும்பிப் போய்விடுவார். ஊரில் மறுபடியும் வல்லாரை காய்ச்சுவார்கள். கேட்காவிட்டால் மருந்துச்சாலை பூட்டு. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராத்தா, எனக்கு உங்களைத் தெரியும். ஆனா இந்தப் பெரிய மனிசருக்கு உங்களைப் பத்தி ஒண்டும் தெரியாது. நீங்க ஆர், என்ன வயசு, என்ன செய்யுது எண்டு உங்கட வாயாலயே இவருக்குச் சொல்லுங்க. நான் எழுதுறன்."

றுக்கியா ராத்தாவுக்கு முகம் மலர்ந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார். பெயர், வாப்பா பெயர், வயது எல்லாம் கணீரென்று வந்தன. ஸெய்னுதீன் வாயை மூடிக்கொண்டு எழுதினார்.

"இனி ஒண்டு சொல்லணும்" என்றார் ராத்தா பரீட்சகரிடம். "இந்தத் தம்பி தந்த மருந்தில ஒரு சொட்டும் என்ட வாயில படேல்ல."

பேனா நின்றது.

"நான் போனது எங்கட வீட்டு ஆளின்ட இருமலுக்கு. தெருவில நடந்து மூச்சு வாங்க யன்னலடியில நிண்டா, தம்பி வாயத் திறக்க விட்டாத்தானே! 'தெரியும், முட்டு, மூணு வேளை' எண்டு ஊத்தினது. நான் கொண்டு போய் அவருக்குக் குடுத்தன். அவருக்கு நல்ல சுகம்."

"ரெண்டு வரியமாவா, ராத்தா?" என்றார் ஸெய்னுதீன்.

"ரெண்டு வரியமா."

பரீட்சகர் கைலேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸெய்னுதீனுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. முட்டு என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினார். வேறு என்ன செய்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நேராகப் படுக்க ஏலாது, மூன்று தலையணை வேண்டும். சின்னப் பிள்ளையில் பெரிய காய்ச்சல் ஒன்று வந்து, மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கி, ஒரு மாதம் நடக்காமல் கிடந்தது. இதையெல்லாம் றுக்கியா ராத்தா மூதூரில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை. ஸெய்னுதீன் காதில் மாட்டும் குழாயை எடுத்து ராத்தாவின் நெஞ்சில் வைத்தார். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில், தூரத்தில் போகும் லோஞ்ச் எஞ்சின் மாதிரி ஒரு உறுமல் கேட்டது.

மணி அடித்தது. ஸெய்னுதீன் எழுந்து, இறங்குதுறையில் நின்றதுபோல நின்று, பெயரிலிருந்து பழக்கவழக்கம் வரை ஒன்றும் விடாமல் சொன்னார். முட்டு இல்லை, சிறுவயதுக் காய்ச்சலில் இதயத்தின் வாசல் ஒன்று சுருங்கிவிட்டது என்று முடித்தார்.

"இவவுக்கு முந்தி வைத்தியம் பாத்தது ஆர்?"

"நான்தான், சேர்."

"குடுத்த மருந்து சரியோ?"

"இவவுக்குப் பிழை, சேர். புருஷனுக்குச் சரி."

கார்த்திகை கடைசியில் தந்தி வந்தது. பாஸ். மருந்துச்சாலை பூட்டப்படவில்லை. றுக்கியா ராத்தா சத்திரசிகிச்சை முடிந்து ஊருக்கு வந்து, தான்தான் ஸெய்னுதீனை டொக்டராக்கியது என்று பெரிய தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸெய்னுதீன் மறுத்துப் பேசுவதில்லை.

ஊருக்குத்தான் இப்போது ஒரு முறைப்பாடு. முந்தி இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலைக்கு மத்தியானம் ஆகிவிடுகிறது. "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு டொக்டர் பேசாமல் இருந்துவிடுகிறாராம், சனமும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். சோற்றுப் பொதி கட்டிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கிறது என்று சரீப் சத்தம் போடுகிறார். அவரும் உள்ளே போனால் முக்கால் மணித்தியாலத்துக்குக் குறைந்து வெளியே வருவதில்லை.

இதை வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்த ஊரிலாவது மருந்துக்கு வரிசையில் நிற்க நேர்ந்தால், முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். வரிசை எப்படியும் இப்போதைக்கு நகரப்போவதில்லை.